சிவப்புத் தெரியாத பெட்டி

திருச்செங்கோட்டு மலை எங்கள் அம்மாயி வீட்டில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, வாசலில் நின்று தெற்கே பார்த்தால் பனைகளுக்கு மேலே. இன்னொன்று, சாமி மாடத்துக்கு மேலே ஆணியில். வாசல் மலை காலையில் சிவந்திருக்கும். ஆணி மலை எந்நேரமும் கரிக்கட்டைதான்.

சங்ககிரிப் பக்கத்து ஊர் அது. அம்மாயி திருச்செங்கோட்டிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். சீர்வரிசையோடு வந்த அந்தப் படத்தை அவள் யாரையும் துடைக்க விடமாட்டாள். பழுப்பேறிய போட்டோ, தடித்த அட்டையில் ஒட்டிக் கண்ணாடி போட்டது. ஆனால் மலையை நேராக எடுத்த போட்டோ இல்லை. மலையை வரைந்த ஓர் ஓவியத்தைப் போட்டோவாக எடுத்தது. நடுவில் மலை, உச்சியில் கோபுரம், பாம்பு நெளிவது போலப் படிக்கட்டு. மலைக்கு மேலே, வானத்தையே மண்டபமாகக் கொண்டு, அர்த்தநாரீசுவரர் கையில் தண்டோடு நிற்கிறார். கீழே பரந்த காடு, ஒரு மாட்டு வண்டி, பனைமர வரிசை. இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கறை. ஈரம் பட்டதோ, பூச்சி அரித்ததோ என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்தச் சாமி பாதி வெள்ளை, பாதி கறுப்பு. ஈசன் பாதி பால் போல இருக்கும். அம்மை பாதி முகமும் தெரியாமல் சேலையும் தெரியாமல் இருண்டு கிடக்கும். மூக்குத்தி இருக்கும் இடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும். ஏழு வயதில் நான் கேட்டேன்.

"ஏனுங்க அம்மாயி, சாமி ஏன் பாதி கருப்பு?"

"அது கருப்பில்ல கண்ணு, செவப்பு. அந்தப் பொட்டிக்குச் செவப்பு கண்ணு தெரியாது."

சொல்லிவிட்டுக் குங்குமச் சிமிழைத் திறந்தாள். மோதிர விரலில் தொட்டு, கண்ணாடி மேல், இருட்டுப் பாதியில் ஒரு பொட்டு வைத்தாள். வெள்ளைப் பாதிக்குத் திருநீறு. பிறகு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. அதுதான் அவளுடைய பூஜை. தினமும் அதே வரிசை.

படம் வந்த கதையை அம்மாயி தன் அப்பாவிடம் கேட்டபடி சொல்லுவாள். மலையடிவாரத்தில் ஒரு சித்திரக்காரர் இருந்தாராம். துணியில் மலையையும் சாமியையும் எழுதித் திருவிழாவில் விரித்து வைப்பார். மலையேற முடியாத கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்தத் துணியை வலம் வந்து கும்பிட்டுக் காசு போடுவார்கள். ஒரு வைகாசித் தேருக்குப் போட்டோக்காரர் ஒருவர் மூன்று கால் பெட்டியோடு வந்தார். அந்தத் துணியைக் 'காப்பி' எடுத்துக் கொடுத்தால் வீட்டுக்கு வீடு வாங்குவார்கள் என்று யாரோ யோசனை சொல்ல, துணியைக் கொண்டுபோய் வெயிலில், இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டினார்களாம். உச்சி வெயிலில், உற்சவர் எழுந்தருளிய மாதிரி, சித்திரம் வெளியே வந்து நின்றது.

சில நாள் கழித்துப் படம் கைக்கு வந்தபோது சித்திரக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "செங்கோட்டக் கருங்கோடு பண்ணிப்புட்டியே, அம்மாளக் கரியாக்கிப்புட்டியே" என்று. போட்டோக்காரர் என்ன செய்வார் பாவம். "என் கையில இல்லீங்க, இந்தப் பொட்டிக்குச் செவப்பு கண்ணு தெரியாதுங்க" என்றாராம். வியாபாரம் படுத்துவிட்டது. கரியான அம்மாளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அம்மாயியின் அப்பா மட்டும் ஒன்று வாங்கினார். பிறகு சித்திரத் துணியைக் கரையான் தின்றது, சித்திரக்காரர் போய்ச் சேர்ந்தார், மிஞ்சியது இந்த ஒரு போட்டோ.

இது நடந்தது எந்த வருஷம் என்று அவளிடம் கேட்டால், "ஒரு பெரும்பஞ்சத்துக்கு அப்புறம், இன்னொரு பஞ்சத்துக்கு முன்னாடி" என்பாள்.

அக்கம்பக்கத்து வீடுகளில் நல்ல நிறத்தில் சாமிகள் இருந்தார்கள். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதிலிருந்து, நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் மாற்றி மாற்றி அச்சிட்ட லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் சுவரேறிவிட்டார்கள். பின்னாலேயே சிவகாசி காலண்டர்கள். எங்கள் வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒன்று வரும். அம்மாயி அவற்றுக்கு ஒரு பூ வைப்பாள், அவ்வளவுதான். குங்குமம் கறுத்த அம்மாளுக்குத்தான். "அவங்களுக்கெல்லாம் செவப்பு இருக்குது. இவளுக்கு நாமதான வெக்கோணும்?"

அந்த வயதில் எனக்கு இது கிழவியின் பேச்சு. அதில் எவ்வளவு இருந்தது என்று தெரிய என் மாமனின் டார்க் ரூம் வேண்டியிருந்தது.

மாமன் சங்ககிரியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கோடை விடுமுறைக்கு நான் அங்கே எடுபிடி. பின்கட்டில் கறுப்புத் திரை போட்ட சிறு அறை. உள்ளே நுழைந்தால் புளித்த வாடை, ஹைப்போவின் வாடை, ஈரச் சுவர். கூரையில் ஒரே ஒரு சிவப்பு பல்பு. மாமனின் முகம், சட்டை, தட்டு, தண்ணீர் எல்லாம் சிவப்பு. நெகட்டிவ் வழியாக வெளிச்சம் பாய்ச்சிய வெள்ளைத் தாளை டெவலப்பரில் போட்டு லேசாக ஆட்டுவார். ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு தாளின் அடியிலிருந்து, குளத்தில் முதலை எழுவது போல, ஒரு புருவம் வரும். இன்னொரு புருவம். பொட்டு. அப்புறம் ஒரு மணப்பெண்ணே வந்துவிடுவாள்.

முதல் நாள் பயந்துபோய்க் கேட்டேன்: "மாமா, வெளிச்சம் பட்டா பேப்பர் கெட்டுப்போகும்னீங்க. இங்கதான் பல்பு எரியுதே?"

"இந்த வெளிச்சம் அதுக்குத் தெரியாது மாப்ள. செவப்பு அதுக்கு இருட்டு மாதிரி."

அப்போது எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. அறை முழுக்கச் சிவப்பு நிரம்பி வழிகிறது. படம் அந்தச் சிவப்புக்குள் கிடக்கிறது, அந்தச் சிவப்பின் கண்முன்னால்தான் பிறக்கிறது, கை கால் முளைத்து எழுகிறது. சிவப்பை மட்டும் அது அறியாது. தாயின் வயிற்றுக்குள் கிடக்கும் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்ததுண்டா? அம்மே, உன் நிறத்துக்குள்ளேயே நான் ஊறிக் கிடந்தேன், நீ எங்கே என்று கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

மாமன் இன்னொன்றும் சொன்னார். பிலிம் கழுவும்போது அந்தச் சிவப்பு பல்பையும் அணைத்துவிடுவார். கை மட்டும் இருட்டில் தடவித் தடவி வேலை செய்யும். ஏன் என்றேன். "பேப்பருக்கு அரைக் கண்ணு. பிலிமுக்கு முழுக் கண்ணு, எல்லா நெறமும் தெரியும். எல்லாம் தெரிஞ்சதுக்கு முழு இருட்டு வேணும்." கருவறையில் ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்று பிற்காலத்தில் பலர் எனக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். மாமன் சொன்னதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. இத்தனைக்கும் அவர் கோயிலுக்கே போகாதவர்.

பிறகு புத்தகங்களில் தேடினேன். தேடத் தேட, அம்மாயியின் ஒரு வாக்கியத்துக்கு உலகமே உரை எழுதி வைத்திருப்பது தெரிந்தது.

இங்கிலாந்தில் டால்பட் என்பவர் 1844-க்கும் 1846-க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பென்சில் ஆஃப் நேச்சர்' போட்டோக்கள் ஒட்டி வந்த முதல் புத்தகங்களில் ஒன்று. அதிலேயே ஒரு பழைய சித்திரத்தின் காப்பி இருக்கிறது. 1848-ல் ஸ்டெர்லிங் என்பவர் ஸ்பானிய ஓவியர்களைப் பற்றி எழுதிய நூலின் படத்தொகுதியில் 66 படங்கள், எல்லாம் டால்பட் முறையில் எடுத்தவை. ஓவியங்களைப் போட்டோவாகக் காட்டிய முதல் கலை வரலாற்று நூல் அதுதான். அதில் பல படங்கள் ஓவியத்தை நேராக எடுத்தவை அல்ல, ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய கறுப்பு வெள்ளை அச்சுகளை எடுத்தவை. நிறத்தைப் பெட்டி முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலமும் ஊதாவும்தான் கண்ணில் படும். பச்சை மங்கல். மஞ்சளும் சிவப்பும் இருட்டு. முகம் எழுதிய ஓவியமாவது எப்படியோ தப்பித்தது. இயற்கைக் காட்சி எழுதிய ஓவியம்தான் மாட்டிக்கொண்டது. நீல வானம் வெறும் தாளாக வெளுத்துப் போகும், பச்சை மரம் கரியாகும், செம்மண் தரை இரவாகும். இதற்காகவே ஓவியத்தைச் சாம்பல் நிறத்தில் மறுபடி எழுதச் சொல்லி, அந்த மறுபிரதியைப் போட்டோ எடுத்தவர்களும் உண்டு. எங்கள் சித்திரக்காரருக்கு இதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்?

மலையைப் பெட்டிக்குள் பிடிப்பது எங்கள் சீமைக்கும் அன்னியமான விஷயமில்லை. 1792-ல் திப்புவோடு உடன்படிக்கையாகி இந்தப் பகுதி கம்பெனி கைக்கு வந்த சூட்டோடு, தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற சித்தப்பாவும் அவருடைய சகோதரர் மகனுமான இரண்டு ஓவியர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். கையில் ஓர் இருட்டுப் பெட்டி. ஒரு சிறு துளையின் கண்ணாடி வழியாக மலை அதற்குள் வந்து விழும், அதன் ஓரத்தைப் பென்சிலால் தொடர்ந்து போகலாம். ராயக்கோட்டை மலையை அப்படி எழுதிக் கொண்டுபோய் லண்டனில் செம்புத் தகட்டில் ஏற்றி 'ஓரியண்டல் சீனரி' வரிசையில் அச்சிட்டார்கள். அறுபத்தைந்து வருஷம் கழித்து, 1857 டிசம்பரில், லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் சென்னை அரசின் போட்டோகிராபராகப் பெங்களூரிலிருந்து கிளம்பினார். அவரும் ராயக்கோட்டைக்கு வந்தார். ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் வேறு இடங்களும் அடங்கிய அவருடைய ஆல்பம் 1858-ல் வந்தது. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில். அன்று எல்லாம் ஒரே சேலம் ஜில்லா. எங்கள் நாமக்கல் தனியாகப் பிரிந்ததே 1997-ல்தானே.

டிரைப்பின் பெட்டிக்கும் அதே அரைக் கண். மெழுகூட்டிய காகித நெகட்டிவில் வானம் வெறிச்சென்று வந்துவிடும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்து நெகட்டிவ் மேலேயே மேகம் தீட்டினார். அவர் எடுத்த படங்கள் பலவற்றில் வானம் சூரியன் போட்டது இல்லை, அவர் கை போட்டது. இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். துரைக்கு மேகம், எங்கள் அம்மாயிக்குக் குங்குமம்.

ஆனால் அந்தத் துரைமார்கள் எழுதியதும் எடுத்ததும் வெறும் மலை. பார்க்க அழகுதான். எங்கள் பக்கம் மலையை அப்படித் தனியாக எழுதி யாரும் பார்த்ததில்லை. பௌர்ணமிக்குத் திருச்செங்கோட்டு மலையைச் சுற்றி வருகிறவன் கல்லைச் சுற்றவில்லை. சித்திரக்காரர் மலைக்கு மேலே சாமியை எழுதியதுகூட, சாமியைத் தனியாகக் காண்பவர்களுக்காகச் செய்த சலுகை என்றுதான் எனக்குத் தோன்றும்.

பெட்டிக்குக் கண் திறந்தது 1873-ல். பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற பேராசிரியர், தகட்டில் கொஞ்சம் சாயம் கலந்தால் அது பச்சையையும் மஞ்சளையும் காணத் தொடங்குகிறது என்று கண்டார். சாயம்! நிறம் தெரிய வேண்டுமானால் முதலில் நிறத்தில் தோய வேண்டும். சிவப்பும் தெரியும் தகடுகள் கடைக்கு வந்தது 1906-ல்தான். அவை விலை கூடியவை. நம் ஊர்ப் போட்டோக்காரர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் சாதாரணத் தகட்டிலேயே பிழைத்தார்கள்.

அம்மாயி போய்ப் பல வருஷம் கழித்துப் படம் என்னிடம் வந்தது. அக்கா மகன் அதைச் செல்போனில் எடுத்து, ஏதோ ஒரு செயலியில் போட்டு, "மாமா, கலராக்கிட்டேன் பாருங்க" என்று நீட்டினான். மலை நல்ல பச்சையாக, ஏற்காட்டு விளம்பரம் போல இருந்தது. அம்மைக்கு ஒரு காப்பிப்பொடி நிறச் சேலை. அதற்கும் சிவப்புத் தெரியவில்லை. அவன் முகம் வாடக் கூடாதென்று நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்று இரவுதான் படத்தை மலைக்கு எடுத்துப் போக வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சித்திரம் வெயிலில் ஏறிய ஊருக்கு, அது எதைப் பார்த்து எழுதப்பட்டதோ அந்த மலைக்கு, ஒரு தடவை. கார் போகும் பாதை இருக்கிறது. நான் படியில் ஏறினேன். 1,200-க்கும் மேற்பட்ட படிகள், விடியாத நேரம், தோளில் மஞ்சப்பையில் கண்ணாடிப் படம்.

நாகர் பள்ளத்தில் வானம் வெளுக்கத் தொடங்கியது. அங்கே பாறையில் 60 அடி நீளத்துக்கு ஐந்துதலை நாகம் செதுக்கியிருக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லாம் மஞ்சளும் குங்குமமும் கொட்டிக் கொட்டிப் பாம்பின் உடம்பே சிவந்து கிடக்கிறது. எத்தனை தலைமுறைக் கைகள்! நான் நின்றுவிட்டேன். இதைத்தானே அம்மாயி கண்ணாடி மேல் செய்துகொண்டிருந்தாள்? செங்கோட்டைச் சிவப்பாக வைத்திருக்க இந்த ஊர் விரல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. மலை தானாகச் சிவந்தது பாதி, மக்கள் சிவக்க வைத்தது பாதி.

அறுபதாம் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். சத்தியம் செய்யும் படி அது. அந்த நாளில் வழக்கு வியாச்சியங்களில் இந்தப் படியில் நின்று சொன்ன சொல்லுக்கு மேல் பேச்சில்லை என்பார்கள். செங்குந்தர் மண்டபத்தைத் தாண்டும்போது கிழக்கே சூரியன் வந்தது.

வந்ததும் மலை எழுந்தது. வேறெப்படிச் சொல்வது? காலடிப் பாறை, பக்கவாட்டுப் பாறை, மேலே தொங்கும் பாறை, எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளிருந்து பற்றிக்கொண்டன. செங்கல் சிவப்பில்லை, செம்பருத்திச் சிவப்பில்லை, புதுக்குழந்தையின் உள்ளங்கால் சிவப்பு. அதற்குள் ரத்தம் ஓடுவது தெரிந்தது. பாறையில் கைவைத்தேன். இரவெல்லாம் குளிர்ந்த கல். சிவப்பு மட்டும் சூடாக இருந்தது. அம்மா, அம்மா என்று வாய் தானாக முனகியது. ஐம்பது வருஷம் ஆணியில் கரியாகப் பார்த்த மலை, எனக்குத் தெரியாமல் இத்தனை நாளும் இப்படியா எரிந்துகொண்டிருந்தது? பின்னால் ஏறி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மூச்சு வாங்குகிறது போல என்று ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உள்ளே, கருவறையில், வெண்பாஷாணம் என்று சொல்லும் அந்தத் திருமேனி. பாதிக்கு வேட்டி, பாதிக்குச் சேலை. கையில் தண்டு. முன்னால் மரகத லிங்கம். நெய்விளக்கில் முதலில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டெவலப்பரில் கிடந்த தாள் போல இருட்டு அசைந்தது. பிறகு ஒரு புருவம் வந்தது. இன்னொரு புருவம். மாமன் தட்டை ஆட்டுவது போல அர்ச்சகரின் கை கற்பூரத் தட்டை வலமாக ஆட்ட, இருட்டின் அடியிலிருந்து அம்மையப்பன் மெல்ல எழுந்து வந்தான்... வந்தாள்... எந்த விகுதி போட? தமிழில் அதற்கு விகுதி இல்லை.

அப்போதுதான் பிருங்கி நினைவுக்கு வந்தார். இந்தத் தலத்துக் கதையில் வரும் முனிவர். ஈசனை மட்டும் வலம் வருவார், அம்மையைக் காண மாட்டார். அம்மை அவனை நெருங்கி உட்கார்ந்தாலும் வண்டாக உருவெடுத்து நடுவில் நுழைந்து அவனை மட்டும் சுற்றுவார். அம்மை சொன்னாள்: என்னை வேண்டாதவனுக்கு என் கூறும் வேண்டாம். தாயின் கூறு தசையும் ரத்தமும். இரண்டும் உதிர்ந்தன. வெள்ளை எலும்பாக நிற்க முடியாமல் தள்ளாடியவருக்கு ஈசன் மூன்றாவதாக ஒரு கால் கொடுத்தான். அம்மை அவன் உடம்பில் பாதியாகவே கலந்து நின்றாள், இனி எப்படிச் சுற்றுவாய் பார்க்கலாம் என்று.

சிவப்பைக் காண மறுத்தவன் சிவப்பை இழந்து, வெள்ளையாய், மூன்று காலில் நிற்கிறான். அந்த வைகாசித் தேரில், சித்திரத் துணிக்கு எதிரே, வெயிலில் நின்ற பெட்டிக்கும் மூன்று கால்!

சன்னதியில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்ணில் நீர் ஓடிக்கொண்டே சிரித்தேன். பெட்டியே, நீயும் பிருங்கியா? நீயும் ஈசனை மட்டும் வெள்ளையாய்க் கண்டு, அவளை இருட்டென்று விட்டுவிட்டாயா? உன்னை நான் எப்படிக் குறை சொல்வேன். நானும் அப்படித்தான் நின்றேன். படித்தேன், ஆராய்ந்தேன், வருஷமும் பேரும் குறித்துக்கொண்டேன், பாதியைத் துல்லியமாகக் கண்டேன். எழுத்தறியாத கிழவி ஒருத்தி ஒரு விரலால் மறுபாதியைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

கற்பூரம் அணையும் முன் அர்ச்சகர் ஈசன் பாதியைக் காட்டினார். திருக்கழுத்து. சம்பந்தர் இந்தத் தலத்தில் தங்கியபோது அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்ட, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடிக் காய்ச்சலைத் துரத்தினார் என்பது வரலாறு. நான் மஞ்சப்பைக்குள் இருந்த படத்தை எண்ணினேன். அதில் ஈசனின் கழுத்தில் நீலம் இல்லை. கழுத்து உடம்போடு உடம்பாய் வெளுத்திருக்கும். சித்திரக்காரர் மறந்தா போயிருப்பார்? நீலம் தீட்டியிருப்பார். பெட்டிக்கு நீலம் வெள்ளை. அம்மையின் சிவப்பை விட்டுவிட்ட அதே கண், ஐயனின் தொண்டையிலிருந்து நஞ்சைத் துடைத்துவிட்டிருக்கிறது. இத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் நஞ்சு இறங்கிய சிவன் நின்றிருக்கிறான். குங்குமம் வைத்த கிழவிக்கு அது தெரியுமா, தெரியாதா? தெரியாமலா தினமும் அவன் முகத்தைப் பார்த்து, "இப்பத்தான் தொண்ட சரியாச்சு ஐயனுக்கு" என்று அவள் முணுமுணுத்தாள்? சளிக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

திருவடியில் ஊறும் தேவதீர்த்தத்தைக் கையில் ஊற்றினார்கள். குடித்தேன். மலையுச்சியில், கல்லுக்கு நடுவில், கோடையிலும் ஈரம். அதற்குமேல் அங்கே நடந்ததைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூட்டம் தள்ளியது, நகர்ந்தேன், காலுக்குக் கீழே தரை இருந்ததா என்று நிச்சயமில்லை.

வெளியே மதில் ஓரம் காற்று. படத்தைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தேன். கீழே சமவெளி விரிந்து கிடந்தது. வடக்கே சங்ககிரி துர்க்கம் ஒற்றைக் கல்லாய். ஓட்டு வீடுகள், விசைத்தறிக் கொட்டகைகள், லாரிப் பட்டறைகள், இடையிடையே பச்சைத் துண்டுகள். பக்கத்தில் வயதான அம்மா ஒருவர், சுருக்குப் பையோடு, இலையில் குங்குமம் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, அது என்ன படமுங்?"

காட்டினேன். மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அம்மை பாதி ஏன் கறுப்பு என்று அவர் கேட்கவே இல்லை. இலையைத் திறந்து, மோதிர விரலில் குங்குமம் தொட்டு, இருட்டான பாதியில் ஒரு பொட்டு வைத்தார். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. பிறகு அவர் விரல் மலையில் இறங்கி, பனைவரிசை தாண்டி, மாட்டு வண்டியைத் தாண்டி, இடது மூலைக்கு வந்தது.

"இது எங்கூரு ஏரிங்களே!"

"அது கறைங்கம்மா. ஈரம் பட்டது."

"கறையாவதுங்? பாருங், இந்த வளவு, இந்தக் கரை, இது மதகு. எங்கூரு ஏரிதானுங் இது." மதிலுக்கு வெளியே கை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்த ஒரு பள்ளம், வளைந்த ஒரு மண்கரை. மறுபடி படத்தைப் பார்த்தேன். கறையின் விளிம்பு அந்தக் கரையின் வளைவாகவே இருந்தது. நீலத் தண்ணீர். கரை முட்ட நிறைந்த நீலத் தண்ணீர். பெட்டி அதை வெள்ளையாகக் கண்டிருக்கிறது.

"எங்க மாமியாரு சொல்லுவாங்க, இப்படி ரொம்பிக் கெடக்குமாமுங். நாங் கல்யாணமாகி வந்து ஒருக்காவும் பாக்கலீங்."

அவர் அந்த வெள்ளையின் மேல் கண்ணாடியோடு சேர்த்து மூன்று விரலை வைத்தார். தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டார்.